பதினான்கு வருடம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஆயுள் கைதிகளைக் கேலி செய்யும் மேடைப் பேச்சின் அந்த ஒன்றரை நிமிடக் காணொளியைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டீர்கள். எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தார்கள். மூவருக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரியும். பேசியவரின் பெயரை எழுதி அவருக்கு இன்னும் நான்கு பேரைச் சேர்த்துவிடும் உத்தேசம் எனக்கில்லை. "ஆயுள் தண்டனையாம்! பதினான்கு வருடம் அரசாங்கச் சோறு, ஞாயிற்றுக்கிழமையானால் கோழிக்குழம்பு, முடிந்ததும் மாலை மரியாதையோடு வீட்டுக்கு." அரங்கம் சிரிக்கிறது. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போது மூன்றாவது வரிசையில் கோடு போட்ட சட்டையுடன் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார் பாருங்கள், அவர் என் பெரியம்மா மகன். எனக்கு அண்ணன். அவரைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இதை முடிப்பதற்குள் முடிவு செய்துகொள்கிறேன்.

முதலில் அந்தப் பதினான்கு வருடக் கணக்கு. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லிவிட்டது. கேட்டுக்கொண்டு போனவர் காந்தி கொலைச் சதி வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே. தண்டனைக் குறைப்பு நாட்களைக் கூட்டினால் 20 வருடம் ஆகிவிட்டது, என்னை விடுங்கள் என்றார். 20 என்பது தண்டனையில் பாதி, கால் என்று கணக்கிட வேண்டி வந்தால் அதற்காகச் சட்டப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண், அரசு பார்த்துக் குறைத்தாலொழிய தண்டனை சாகும்வரை என்று பதில் வந்தது. 14 எங்கிருந்து வந்தது? 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தூக்கு வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் வாங்கியவரை 14 வருடம் முடியாமல் வெளியே விடக் கூடாது என்பது அது. முடிந்ததும் விட வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. இப்போது சட்டத்தின் பெயர் மாறிவிட்டது, 475ஆம் பிரிவு என்று எண்ணும் மாறிவிட்டது, சரக்கு அதேதான். பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடியாமல் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதனால் பதினெட்டாவது பிறந்தநாளன்று விடிந்ததும் எல்லாப் பெண்களுக்கும் தாலி ஏறிவிடுகிறதா?

திருடி மூன்று வருடம் வாங்கியவனுக்கு ஒரு தேதி இருக்கிறது. ஏமாற்றி ஏழு வருடம் வாங்கியவனுக்கும் இருக்கிறது. ஆயுள் வாங்கியவனுக்குத் தேதி கிடையாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். தண்டனை கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. இன்னொரு முறை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வந்து "அப்படியானால் கொலைகாரர்களை எல்லாம் விட்டுவிடலாமா" என்று கேட்கப் போகிறவர்கள் இந்த வரியை மட்டும் தாண்டிப் போவார்கள் என்று தெரியும்: தண்டனை கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை.

என் ஒரே தாய்மாமா ஆயுள் கைதி. 1995இல் வரப்புத் தகராறு, கையில் அரிவாள். செத்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்தவர். பொய் வழக்கு, ஜோடித்த சாட்சி என்றெல்லாம் நான் கதை சொல்லப் போவதில்லை. மாமா செய்தார். 1997இல் தீர்ப்பு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. நீதிமன்ற வராந்தாவில் அத்தையின், அதாவது மாமாவின் மனைவியின், அப்பா வக்கீலிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"எத்தனை வருடம் ஐயா?"

"ஆயுள்."

"அது காதில் விழுந்தது ஐயா. எத்தனை வருடம்?"

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வழக்குக்கு நேரமாகியிருக்கும்.

அதே கேள்வியை அத்தை அன்று இரவு எங்கள் ஆச்சியிடம் கேட்டார். "எத்தனை வருடமானாலும் இருக்கிறேன் அத்தை. எத்தனை என்று மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்." கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. ஆச்சி விசாரிக்காத ஆள் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிலிருந்து ஜோசியர் வரைக்கும் கேட்டார். ஒருவர் ஏழு என்றார், ஒருவர் பத்து என்றார், ஜோசியர் மட்டும் தைரியமாக ஒரு தமிழ் மாதத்தையே சொன்னார். அத்தை நான்கு வருடம் இருந்துவிட்டுப் போனார். பெரியம்மா இன்றைக்கும் அத்தையைத் திட்டுவார். என்னால் முடியவில்லை. பன்னிரண்டு வருடம் என்று ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷி இருந்திருப்பார் என்பது என் நம்பிக்கை. இருந்திருக்க மாட்டார் என்றே வையுங்கள், முதல் வருடமே போய் நல்லபடியாக இருந்திருப்பாரே.

சித்தியின் கதை இன்னும் மோசம். மாமாவுக்கு ஒரே தங்கை. வரன் வரும்போதெல்லாம் ஆச்சி, "அண்ணன்காரன் வந்துவிடட்டும், வந்து தாலி எடுத்துக் கொடுக்கட்டும்" என்பார். பிடிவாதம் என்று இப்போது சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் வந்துவிடுவார் என்று நம்பக் காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் எந்தக் கட்சியிலும் யாரும் கிடையாது, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சிக்கு செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள் என்பது மனப்பாடம். அன்றைக்குத்தான் விடுவார்கள். ஆவணி பிறந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார். ஆவணி முடிந்ததும் படுத்துக்கொள்வார். சித்திக்கு முப்பத்து நான்கு வயதில், மனைவியை இழந்த ஒருவருடன், கோவிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. தாலியை எடுத்துக் கொடுத்தது, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்.

2008இல் அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். ஏழு வருடம் முடித்திருந்தாலே போதும் என்றார்கள். மாமா பதினொரு வருடம் முடித்திருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒருமுறை பரோல் விடுப்பில் வந்தபோது காய்ச்சலில் படுத்து நான்கு நாள் தாமதமாகத் திரும்பியது காரணம் என்று ஒருவர் சொன்னார். எதிர்த்தரப்பு ஆட்சேபம் என்று இன்னொருவர் சொன்னார். அன்று ஊருக்குள் பஸ்ஸில் வந்து இறங்கிய பக்கத்துத் தெருக்காரரை மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள், மேடைப் பேச்சாளர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆச்சி வாசல் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "செத்தவன் குடும்பத்தை நினைத்தாயா?" நினைத்தேன். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போகிற தகுதி எனக்கில்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும், இரண்டு பையன்கள். அவர் வாசலைத் தாண்டித்தான் நாங்கள் பஸ்ஸுக்குப் போவோம், மாதம் ஒரு முறை, சிறையில் மனுப் போட்டு மாமாவைப் பார்க்க, பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு. அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்றுவரை நான் அந்த வீட்டுப் படியேறியதில்லை, அதற்கு எந்த நியாயமும் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். முன்விடுதலைக்குப் பெயர் எடுக்கும்போதெல்லாம் காவல் நிலையத்திலிருந்தும் நன்னடத்தை அலுவலரிடமிருந்தும் விசாரணைக்கு வருவார்கள். வந்தால் அந்தத் தெருவில்தான் ஜீப் நிற்கும். விட்டால் உங்களுக்கு ஆபத்து உண்டா, ஆட்சேபம் உண்டா? ஒரு முறை அல்ல, எனக்குத் தெரிந்தே நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா தன் கணவர் செத்த கதையை வாசலில் நின்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. 2015 வரை வெளியே வரமாட்டான் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் அவராவது கதவைச் சாத்திக்கொண்டு தன் பிள்ளைகளைப் பார்த்திருப்பார். தேதி இல்லாதது அவரையும்தான் தின்றது.

"எங்கள் வரிப்பணம்" என்று எழுதப் போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. என் வரிப்பணமும் அதில் இருக்கிறது, கோழிக்குழம்புக்கு என் பங்கை நான் மகிழ்ச்சியாகத் தருகிறேன்.

குஜராத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், அது நியாயமான இடம். 2002 கலவரத்தில் நடந்த கூட்டு வன்புணர்வு, கொலைகளுக்காக பில்கிஸ் பானு வழக்கில் ஆயுள் வாங்கிய 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று வெளியே விட்டு இனிப்பு ஊட்டினார்களே, அன்றைக்கு எனக்கும் வயிறு எரிந்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவர்களை மறுபடி உள்ளே போகச் சொன்னபோது நிம்மதியாக இருந்தது. இதில் முரண் இருப்பது எனக்கே தெரிகிறது. ஆனால் என் கோபம் எதன் மேல் என்று யோசித்தால், விடுவதும் விடாததும் யாரோ ஒருவரின் மனசைப் பொறுத்தது என்பதன் மேல்தான். ஆட்சிக்கு வேண்டியவர் என்றால் வாசல் திறக்கும். வேண்டாதவர் என்றால் பேரறிவாளன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் 1991இல் உள்ளே போனவர். விடலாம் என்று 2018 செப்டம்பரில் மாநில அமைச்சரவையே பரிந்துரைத்தது. அந்தக் காகிதம் ஆளுநர் மாளிகையில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்து, அங்கிருந்து டெல்லிக்குப் போய், கடைசியில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. ராஜீவ் காந்தியோடு அன்று செத்த காவலர்களின் குடும்பங்களை நான் மறக்கவில்லை, அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள்ளும் நான் போகவில்லை. பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் அத்தனை வருடம் கையில் பையோடு நடந்ததைத்தான் சொல்கிறேன். அதே வழக்கில் இருந்த இலங்கைக்காரர் சாந்தனுக்கு அதுகூட இல்லை. 2022 நவம்பரில் விடுதலை என்றார்கள், திருச்சி சிறப்பு முகாமில் வைத்தார்கள், யாழ்ப்பாணத்தில் அம்மா காத்திருக்க 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்துபோனார்.

இது நம் ஊர்ப் பைத்தியக்காரத்தனம் மட்டும் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் 2005 முதல் 2012 வரை முடிவுத் தேதியே இல்லாத ஒரு தண்டனையை 8,711 பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொலைகூட இல்லை. குறைந்தபட்சம் இரண்டு வருடம் என்று உள்ளே போனவர்கள் பத்து, பதினைந்து வருடம் இருந்திருக்கிறார்கள். கொண்டுவந்த உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட்டே பின்னால் வருந்துவதாகச் சொன்னார். சட்டத்தை 2012இல் எடுத்துவிட்டார்கள், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் அந்த நீக்கம் பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள்! நம் ஊரில் 2008க்குப் பிறகு சில வழக்குகளில் 20 வருடம், 30 வருடம், தண்டனைக் குறைப்பே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் எண் போட்டுக் கொடுக்கிறது. கொடுமைதான். ஆனாலும் அப்படி ஓர் எண்ணை ஆச்சியின் கையில் கொடுத்திருந்தால் அவர் வருடா வருடம் வெள்ளையடித்திருக்க மாட்டார்.

ஆச்சி 2012இல் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தின வருடம்தான் மாமாவுக்கு அந்தப் புகழ்பெற்ற 14 முடிந்திருந்தது. ஊருக்குள் வந்தால் பகை மூளும் என்று அறிக்கை போய், நிராகரித்திருந்தார்கள். மாமா போலீஸ் வழிக்காவலுடன் மதியம் மூன்று மணிக்கு வந்தார், கொள்ளி வைத்தார், சுடுகாட்டிலிருந்தே வேனில் ஏறிவிட்டார். 2014இல் விட்டார்கள். பதினேழு வருடம். ஏன் பன்னிரண்டு இல்லை, ஏன் இருபது இல்லை என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தகுதி வந்தவர்களின் பெயரை அவர்கள் மனுப் போடாமலே அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நல்லது. ஆச்சி மனு எழுதக் கொடுத்த காசில் ஒரு பசு வாங்கியிருக்கலாம்.

அண்ணனைப் பற்றி எழுதிவிடுகிறேன், முடிவு செய்துவிட்டேன். தொடையைத் தட்டிச் சிரித்தீர்களே அண்ணா, எனக்கு எப்படியோ உங்களுக்கும் அப்படித்தான் அவர் தாய்மாமன். சின்ன வயதில் உங்கள் காது குத்து அவர் மடியில் நடந்தது. சிறை வாசலில் வலைக்கம்பிக்கு இந்தப் பக்கம் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்த, மாமா உங்கள் பெயரைச் சொல்லி "அவன் நன்றாகப் படிக்கிறானா" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தியபோது, கேட்கவில்லை என்று சைகை காட்டிய ஆச்சிக்கு நான்தான் திருப்பிச் சொன்னேன். நேற்று போன் செய்து, "கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன், இதற்கென்ன" என்கிறீர்கள்.

மாமா இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறார். அந்தக் காணொளி அவர் கண்ணில் படக் கூடாது என்று கவனமாக இருந்தோம், மில்லில் யாரோ காட்டிவிட்டார்கள். ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"பதினான்கில் விட்டுவிடுகிறார்களாமே இப்போது? அந்தப் பையன் உள்ளே போய்ப் பதினாறு ஆகிறது. நான் வரும்போது என் போர்வையை அவனிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்திருப்பானோ? அவன் அம்மா நம்பர் என்னிடம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கட்டுமா?"

முகமெல்லாம் சந்தோஷம். அது விளையாட்டுக்குச் சொன்னது மாமா என்றேன்.

"விளையாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.