என் பெயர் மனடச இல்லை

"அக்கா, மனடசன்னா யாருக்கா?"

காலை ஆறேகால் மணி. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்று கேட்கிறார் பால்காரத் தம்பி. ராத்திரியிலிருந்து மூன்று மெசேஜாம். மூன்றிலும் என் நம்பராம். "மனடச தஙகவல உங்களுக்காகக் காத்திருக்கிறார், உடனே சேருங்கள்" என்று போட்டு, கீழே ஒரு லிங்க். "யாரோ உங்க போனை ஹேக் பண்ணிட்டாங்க போலக்கா, பேங்க்ல சொல்லி வைங்க" என்கிறார், அக்கறையாக.

யாரும் ஹேக் செய்யவில்லை. புதிதாக வந்திருக்கும் ஒரு சமூக வலைத்தளத்தில் நேற்று ராத்திரி கணக்குத் தொடங்கினேன். அவ்வளவுதான் நடந்தது.

நானாக ஆசைப்பட்டும் போகவில்லை. எங்கள் பிளஸ் டூ 1996 செட்டுக்கு முப்பது வருடச் சந்திப்பு வருகிறது. படமெல்லாம் ஒரே இடத்தில் ஒழுங்காக இருக்கும், வாட்ஸ்அப்பில் தொலைந்துபோகிறது, எல்லோரும் இதற்கு வந்துவிடுங்கள் என்று கலா சொன்னாள். நாற்பத்து மூன்று பேரில் நான் ஒருத்தி மட்டும் வரமாட்டேன் என்றால் நன்றாகவா இருக்கும்? இதென்ன எனக்குப் புதுசா? ஆர்குட் வந்தது, 2014 செப்டம்பரில் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2011-இல் வந்தது, 2019 ஏப்ரலில் போனது. நம் ஊர் 'கூ' செயலிகூட 2024-இல் கடையைக் கட்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பெயர், படம், பிறந்த தேதி என்று முதலிலிருந்து ஆரம்பித்துப் பழகியவர்கள்தானே நாம். பத்து நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். எழுந்தபோது பன்னிரண்டே கால்.

ஓடிபி மூன்றாவது முறைதான் வந்தது, அதை விடுங்கள். மொழி கேட்டது, தமிழ் என்று சொன்னேன். அடுத்த பக்கத்தில் "உங்கள் கைப்பிடியைத் தேர்ந்தெடுங்கள்" என்கிறது. எந்தக் கைப்பிடி? கதவுக்கா, வாணலிக்கா? ஆங்கிலத்தில் பயனர் பெயருக்கு ஹேண்டில் என்று எழுதியிருந்ததை எந்திரத்திடம் கொடுத்து வாங்கி அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பின்னால் போகும் பேக் பட்டனில் "முதுகு" என்று இருக்கிறது. எட்டுக் கோடிப் பேர் பேசுகிற மொழியில் ஒரு செயலியை வெளியிடுகிறோமே, தமிழ் தெரிந்த ஒரு ஆளைக் கூப்பிட்டு ஒரு மத்தியானம் படித்துப் பார்க்கச் சொல்வோம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் பெயர். இங்கேதான் எனக்கு உச்சி வரை ஏறியது.

இரண்டு கட்டம். முதற்பெயர், கடைசிப் பெயர். முதல் கட்டத்தில் மீனாட்சி, இரண்டாவதில் த. என்று அடித்தேன். சிவப்பில் வந்தது: "கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை." எனக்குக் கடைசிப் பெயரே கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. இருப்பது இனிஷியல், அது அப்பா பெயரின் முதல் எழுத்து. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை எடுத்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது. கோடிக்கணக்கான பேர் அந்த வால் இல்லாமல் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டோம். பாஸ்போர்ட், விமான டிக்கெட், இப்போது இது. ஒவ்வொரு வாசலிலும் "உன் கடைசிப் பெயர் எங்கே?" என்ற கேள்வி. இல்லை என்றால் இல்லை என்று சொல்ல ஒரு கட்டம் வைத்தால் என்ன குறைந்துபோகும்?

சரி, அப்பா பெயரையே முழுதாகப் போடுவோம் என்று தங்கவேலு என்று அடித்தேன். அடுத்து என்பதை அழுத்தினேன்.

"பெயரில் சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை."

என்ன குறி? த-வுக்குப் பின்னால் வைத்த முற்றுப்புள்ளியையும் எடுத்துவிட்டேனே. இடைவெளி இருக்கிறதோ என்று அழித்து அடித்தேன். அதே வரி. வேறு கீபோர்டுக்கு மாறி அடித்தேன். அதே வரி. போனை அணைத்து, போட்டு, ஓடிபிக்குக் காத்திருந்து, கைப்பிடியைத் திரும்பத் தேர்ந்தெடுத்து, மறுபடி மீனாட்சி, மறுபடி தங்கவேலு. அதே வரி. ஆறாவது தடவை அதுவே இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னது: "பரிந்துரைக்கப்பட்ட பெயர்: மனடச தஙகவல." கீழே பெரிய நீலப் பட்டன், "ஏற்றுக்கொள்." மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. உள்ளே போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று அழுத்திவிட்டேன். உள்ளே போனதும் சொல்கிறது, பெயரை அறுபது நாளைக்கு மாற்ற முடியாதாம்.

காரணம் இன்று காலையில் தங்கை பையன் சொல்லித்தான் தெரிந்தது. அவன் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். கணினிக்கு உலகத்து எழுத்தையெல்லாம் வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கும் யூனிகோடில் ம, ன, ட, ச என்பவை எழுத்து என்ற இனத்தில் இருக்கின்றன. கால், கொம்பு, விலங்கு, புள்ளி எல்லாம் குறி என்ற தனி இனம். பெயரைச் சரிபார்க்கும் நிரலில் "எழுத்து மட்டும் இருக்கலாம்" என்று எழுதிவிட்டால் குறிகள் எல்லாம் வெளியே போய்விடும். மீனாட்சி என்பது நமக்கு நாலு எழுத்து. யூனிகோடுக்கு எட்டு துண்டு. அதில் நாலைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்ச நாலை என் பெயர் என்கிறார்கள். இந்திக்காரருக்கும் வங்காளிக்கும் தெலுங்கருக்கும் இதே கதிதான், அவர்கள் எழுத்திலும் இந்த மாதிரிக் குறிகள் இருக்கின்றன. திருத்துவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "அந்த வரியில குறிகளையும் சேர்த்துக்கோன்னு எழுதினா போதும் பெரியம்மா, ஒரே வரி" என்றான்.

ஒரே வரி! தமிழ் யூனிகோடில் ஏறியது 1991-இல். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த ஒரு வரியை எழுத இவர்களுக்கு மனசு வரவில்லை. என்னிடம் வந்து சிறப்புக் குறி என்கிறார்கள். புள்ளி சிறப்புக் குறியா? புள்ளி இல்லாமல் தமிழ் ஏது? எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர் அப்பா. புள்ளி வைக்க மறந்தால் சிலேட்டைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிடுவார், திட்டக்கூட மாட்டார். அவர் பெயரைத் தஙகவல என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, விருப்பங்கள் குறைந்தது ஐந்து தேர்ந்தெடு என்றது. கிரிப்டோ, கே-பாப், ஜிம், கார், ஃபேஷன் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை. கைக்கு வந்த ஐந்தைத் தொட்டேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய அநியாயம். "நண்பர்களைக் கண்டுபிடியுங்கள்." திரையில் பாதிக்கு நீலப் பட்டன். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய சாம்பல் நிறத்தில், "பிறகு." பிறகு என்பதைத்தான் அழுத்தினேன். "நிச்சயமாகவா? நண்பர்கள் இல்லாமல் இங்கே தனிமையாக இருக்கும்" என்றது. மறுபடி பிறகு. படம் ஏற்றியதும் திரும்ப வந்தது. மறுபடி பிறகு. குழுவைத் தேடப் போனால் நான்காவது முறை. இந்தத் தடவை இரண்டு பட்டனும் இடம் மாறி இருந்தன. மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. பழகிய இடத்துக்கு விரல் போனது. அனுமதி கேட்டு வந்த அடுத்த பெட்டியையும் அதே வேகத்தில் தொட்டுவிட்டேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். என் போனில் இருந்த அத்தனை பேருக்கும் போயிருக்கிறது. பையனின் தமிழ் ஆசிரியை. கேஸ் போடுகிற அண்ணன். எட்டு வருடத்துக்கு முன் நான் ராஜினாமா கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்த மேலாளர். அட்வான்ஸ் பணத்துக்காக ஆறு மாதம் நடையாய் நடக்கவிட்ட பழைய வீட்டுக்காரர். அவர் காலை ஏழு மணிக்கே அழைத்து "என்னம்மா, இன்னும் அந்தக் கணக்கு முடியலையா?" என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, தங்கை பெண்ணுக்கு வந்த வரன் சரிப்படாது என்று போன மாதம்தான் ஒரு வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லி முடித்தோம். அந்த அம்மாவுக்கும் மூன்று மெசேஜ். "மனடச உங்களுக்காகக் காத்திருக்கிறார்." அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு விளக்குவேன்?

ஒரு தடவை அனுப்பியதைக்கூட என் விரல் செய்த வேலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதையும் மூன்றாவதையும் அனுப்பச் சொன்னது யார்? அமெரிக்காவில் லிங்க்ட்இன் மீது இதே விஷயத்துக்குத்தான் வழக்கு நடந்தது. முதல் அழைப்புக்குப் பயனர் சம்மதித்திருக்கலாம், அவர் பெயரில் திரும்பத் திரும்பப் போன நினைவூட்டல்களுக்குச் சம்மதம் கொடுத்ததாகச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் வழக்கை ஏற்றது. 2015-இல் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர் கொடுத்து சமரசம் ஆனார்கள். இங்கேயும் ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இந்த மாதிரி ஏமாற்று வடிவங்கள் பதின்மூன்றைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. வேண்டாம் என்ற பிறகும் நச்சரிப்பது அதில் ஒன்று. ஒரு பட்டனைப் பளிச்சென்று வைத்து இன்னொன்றை மங்க வைப்பது இன்னொன்று. நேற்று இரண்டையும் ஒரே ராத்திரியில் என் திரையில் பார்த்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பதினொன்றரைக்கு ஒரு மணிச் சத்தம் வந்தது. திரையில் இப்படி:

"அப்பா இணைந்துவிட்டார்! அவருக்கு வணக்கம் சொல்லுங்கள்."

அப்பா போய் இரண்டரை வருடம் ஆகிறது. நம்பரை என்னால் அழிக்க முடியவில்லை, அப்பா என்றே போனில் இருக்கிறது. நிறுத்திய நம்பரைத் தொண்ணூறு நாளுக்குப் பிறகு வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்பது விதி. அப்படி எவரிடமோ போயிருக்கிறது. அந்த ஆளுக்கும் என் பெயரில் அழைப்புப் போய், அவரும் சேர்ந்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பத்தொன்பது இருபது வயசுப் பையன், படத்தில் பைக் மேல் சாய்ந்து நிற்கிறான். அதற்குக் கீழே அப்பா என்று எழுதியிருக்கிறது, என் போனிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர். ப்-க்குப் புள்ளி வைத்து, காலும் போட்டு, துளி குறையில்லாமல்.

அப்போது முடிகிறதல்லவா? திருடி எடுத்த இடத்தில் புள்ளியும் காலும் நிற்கிறதல்லவா? நானாக உட்கார்ந்து அடித்துக் கொடுத்த என் பெயருக்குத்தான் சிறப்புக் குறி ஆகாதா?

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. மறுபடி எடுத்தபோது அந்தப் பையனே எழுதியிருந்தான், "யாருங்க நீங்க? தெரிஞ்சவங்களா?" என்று. மன்னிச்சுக்கோ தம்பி, தவறுதலா வந்துடுச்சு என்று பதில் போட்டேன். "பரவால்லைங்க மனடச மேடம்" என்றான்.

இன்று முழுக்க அழைப்புகள்தான். ஒவ்வொருவருக்கும் அதே விளக்கம், அதே மன்னிப்பு. சாயங்காலம் நாலு மணிக்குக் கலா பழைய வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாள்: "ஃபிரண்ட்ஸ், நிறையப் பேருக்குக் கஷ்டமா இருக்காம். படமெல்லாம் இங்கேயே போட்டுக்கலாம்டி." நாற்பத்து மூன்று பேரில் அங்கே போய்ச் சேர்ந்தது ஒன்பது பேராம்.

கணக்கை நீக்கப் போனேன். சேர்வதற்கு இருந்ததைவிட அதிகப் பக்கம். ஏன் போகிறீர்கள் என்று கேட்டு ஏழு காரணம் கொடுத்திருந்தார்கள், என் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள் என்பது அதில் இல்லை. முப்பது நாள் கழித்துத்தான் அழியுமாம், நடுவில் ஒரு முறை திறந்தாலும் திரும்ப உயிர் வந்துவிடுமாம். கடைசித் திரையில், "மனடச, உங்களைப் பிரிவது வருத்தமாக இருக்கிறது."

அந்த நேரம் பார்த்துத் தங்கை வீட்டிலிருந்து போன். எடுத்தால் அவள் பெண், குரலை மாற்றிக்கொண்டு, "மனடச பெரியம்மா இருக்காங்களா?" என்கிறாள். பின்னால் தங்கை அடக்க முடியாமல் சிரிக்கிறாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவளும் நானும் பேச்சே இல்லாமல் அப்படியே சிரித்தோம். "அப்பா இருந்திருந்தா சிலேட்டைத் திருப்பி அவனுங்க கையிலயே குடுத்திருப்பாருக்கா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனை வைத்தேன்.

காபி போடலாம் என்று போனால் பால் திரிந்து கிடக்கிறது. காலையில் வாங்கியதைக் காய்ச்சவே நேரமில்லை. முழு அரை லிட்டர். இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. செவ்வாய்க்கிழமை வந்த உடனேயே காய்ச்சினேன், அதுவும் திரிந்தது. பாக்கெட்டே அப்படித்தான் வருகிறது. விலையை மட்டும் ஏற்றத் தெரிகிறது, வண்டியில் பாலைக் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவரத் தெரியவில்லை. நாளைக்கு அந்தத் தம்பி வரட்டும், எந்த வண்டி, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேட்கிறேன்.