மருமகன் கேட்ட டர்போ

நேற்றுக் காலை கராஜைத் திறந்து விளக்குக் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே கல்கரியிலிருந்து அக்காவின் மகன் எடுத்துவிட்டான். அங்கே இரவு எட்டு மணி. மலையில் ஓட ஒரு பனி வண்டி, அதாவது ஸ்னோமொபைல், எடுக்கவென்று மூன்று வருடமாகச் சேர்த்த காசு இப்போது கையில் இருக்கிறதாம். ஸ்கீ-டூ, பொலாரிஸ் என்ற இரண்டு கொம்பனி வண்டிகளில் எது என்பதுதான் கேள்வி. "மாமா, ஸ்கீ-டூ டர்போவா, பொலாரிஸ் பூஸ்டா? நீங்கள் சொல்லுறதைத்தான் எடுப்பன்" என்றான். அரை மணித்தியாலம் கதைத்தும் எனக்குச் சொல்லி முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவனைப்போல மேற்குக் கனடாவில் இருக்கிற வேறு பிள்ளைகளுக்கும் உதவும்.

யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் இருப்பவனுக்குப் பனி வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் பதினொரு மாரிகாலம் ஸ்னோமொபைல் திருத்தியவன் நான். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வண்டிகளைப் பற்றி வாசிப்பதை விடவில்லை.

முதலில் மலை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். யாழ்ப்பாணம் கடலோடு ஒட்டிக்கிடக்கிற மண். இங்கே டியூன் பண்ணிய மோட்டார் சைக்கிளை நுவரெலியாவுக்கு ஓட்டிப் போனவர்களுக்குத் தெரியும், றம்பொடை தாண்டி ஏற ஏற வண்டி இழுக்காது, சைலன்சர் கறுப்பாகப் புகைக்கும். காபரேட்டர் பெற்றோலைப் பழையபடி விடுகிறது, காற்றுத்தான் குறைந்துபோகிறது. நுவரெலியா 1,868 மீற்றர். நாட்டின் உச்சியான பிதுருதலாகலை 2,524 மீற்றர். அந்த உச்சியில் காற்றழுத்தம் நம் பண்ணைக் கடற்கரையில் இருப்பதன் முக்கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ அதே அளவில் பலத்தை இழக்கும். ஆயிரம் அடிக்கு மூன்று வீதம் என்பது மெக்கானிக்மாரின் வாய்க்கணக்கு. கடல்மட்டத்தில் 165 குதிரைவலு தருகிற எஞ்சின் எட்டாயிரம் அடியில் 125 அளவில்தான் தரும்.

எஞ்சினைக் காதால் கேட்கப் பழகியது அப்பாவிடம். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் தன் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை அவர் மண்ணெண்ணெயில் ஓட்டினார். கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். நாலு சொட்டைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்த மாற்றத்தில் சத்தம் ஒரு கணம் தடுமாறும். "கேட்டியே, இப்ப காத்துக்குத் தவிக்குது" என்பார். பல வருடம் கழித்து, ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு 850 சிசி ஸ்லெட் (ஸ்னோமொபைலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இடுப்பளவுப் பனியில் ஏற முடியாமல் நின்றபோது எனக்குக் கேட்டது அதே தவிப்புத்தான்.

சரி, டர்போவுக்கு வருவோம். 4 ஸ்ட்ரோக் எஞ்சினில் டர்போ பூட்டுவது பழைய வேலை. ஆர்க்டிக் கேட் கொம்பனி 177 குதிரைவலு 4 ஸ்ட்ரோக் டர்போவை மலை வண்டியிலேயே விற்றது. நல்ல எஞ்சின், ஆனால் கனம். மலைப்பனியில் புதைந்த வண்டியைத் தூக்கி எடுப்பது நம் முதுகு. அதனால்தான் மலையேறுகிற ஆட்கள் 2 ஸ்ட்ரோக்கை விடமாட்டார்கள். 2 ஸ்ட்ரோக்குக்கு டர்போ பூட்டுவது சிக்கலான வேலை. அதற்கு எண்ணெய்த் தொட்டி அடியில் கிடையாது. டர்போவின் பெயரிங்குக்கு எண்ணெய் கொடுக்க வேறு வழி பார்க்கவேண்டும். அதன் புகைக்குழாயும் சாதாரணக் குழாய் இல்லை. வயிறு பெருத்த அந்தக் குழாய்தான் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, புதுக் கலவை வெளியே ஓடிவிடாமல் தள்ளிப் பிடிக்கிறது. டர்போவை அதற்குப் பின்னால் பூட்டினால் முழுக் குழாயின் அழுத்தமும் மாறிப்போகும். 2020க்கு முன்னர் வெளிக்கடைகளில் டர்போ பூட்டிக்கொண்டு வந்தவர்களின் பிஸ்டன்களை நான் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுவில் காசளவு ஓட்டை, ஓரம் உருகின மெழுகுபோல வழிந்திருக்கும். அதன் பிறகு கொம்பனி உத்தரவாதமும் இல்லை.

2020 மாடலில் ஸ்கீ-டூ தன் சம்மிட் வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டி விட்டது. 2 ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலில் அதுதான் முதல் தடவை. அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: எட்டாயிரம் அடிவரை 165 குதிரைவலு குறையாது. கூட்டித் தருகிறோம் என்று சொல்லவில்லை. மலை எடுத்ததைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அந்த அளவோடு நின்றது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனென்றால் வேலைத்தலத்தில் நாங்கள் பட்ட பாடு அது. கல்கரியில் ஓடிய வண்டியைக் கொண்டுவந்து மலையடிவாரத்தில் நிறுத்துவார்கள். மேலே போனால் எஞ்சின் சுழற்சி ஏறாது. கிளச்சைத் திறந்து உள்ளே இருக்கிற எடைகளை மாற்றவேண்டும். சைபருக்குக் கீழே பதினெட்டில் கையுறை போட்டுக்கொண்டு அந்தச் சின்ன ஆணியைப் பிடிக்க முடியாது. கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிடும். ஆணி பனிக்குள் விழுந்தால் காந்தத்தை நூலில் கட்டித் துழாவுவோம். பலம் எந்த உயரத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அந்த வேலையில் பெரும்பகுதி இல்லாமல் போகிறது.

2022 மாடலில் பொலாரிஸ் பேட்ரியட் பூஸ்ட் என்ற டர்போ எஞ்சினைக் கொண்டுவந்தது. அவர்களுடைய சொந்த 850 எஞ்சினோடு ஒப்பிட்டுக் கடல்மட்டத்தில் 10 வீதம் கூட, பத்தாயிரம் அடியில் 50 வீதம் கூட என்றார்கள். இந்த ஐம்பதைப் பார்த்துத்தான் என் மருமகனும் தூக்கம் கெட்டுக் கிடக்கிறான். ஒரு கடதாசியில் கணக்குப் பார்ப்போம். டர்போ இல்லாத எஞ்சினின் பலத்தைக் கடல்மட்டத்தில் 100 என்று வையுங்கள். பத்தாயிரம் அடியில் அது 70க்கு இறங்கிவிடும். எழுபதில் பாதியைக் கூட்டினால் 105. அதாவது கடற்கரையில் இருந்த பலமும் அதற்கு மேலே கொஞ்சமும். இதைத்தான் ஸ்கீ-டூவும் செய்தது. ஒருவர் அதை 165 என்று எழுதினார், மற்றவர் 50 வீதம் என்று எழுதினார். பிறகு 2023இல் ஸ்கீ-டூ டர்போ ஆர் என்று 180 குதிரைவலுவுக்கு ஏற்றியது. 165க்கு 180 என்றால் ஒன்பது வீதம் கூட. பொலாரிஸின் பத்து வீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பலத்தை மட்டும் வைத்து இந்த இரண்டுக்கும் இடையில் சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை.

பத்தாயிரம் அடியும் எல்லாருக்கும் கிடைக்கிற உயரம் இல்லை. கொலராடோவின் வேல் பாஸ் 3,250 மீற்றர். அங்கே ஓடுகிற ஆளுக்கு அந்த எண் உண்மையான எண். இவன் கல்கரியிலிருந்து நாலைந்து மணித்தியாலம் ஓட்டி றெவல்ஸ்டோக் பக்கம் போகிறவன். அங்கே ஊர் 500 மீற்றருக்கும் கீழே. ஸ்லெட் ஓடுகிற இடங்கள் பெரும்பாலும் 2,000 மீற்றரைச் சுற்றித்தான். அந்த உயரத்தில் சாதா எஞ்சின் இழப்பது ஐந்தில் ஒரு பங்கு. அதைத் திருப்பித் தர இரண்டு டர்போவாலும் முடியும், சிரமமில்லாமல் முடியும்.

அப்படியானால் எதைப் பார்த்து எடுப்பது? என் கணக்கில் முதல் இடம் த்ரொட்டிலுக்கு. மலையில் அதிக நேரம் போவது திறந்த வெளியில் இல்லை, மரங்களுக்கு நடுவில். வண்டியை ஒரு பக்கம் சரித்து, முன்னால் இருக்கிற இரண்டு சறுக்குக் கட்டைகளில் (ஸ்கீ) ஒன்றைக் காற்றில் பிடித்துக்கொண்டு சரிவுக்குக் குறுக்கே போகவேண்டும். இரண்டு மரத்துக்கு நடுவில் எட்டடி இடைவெளி. வலது பெருவிரலால் த்ரொட்டிலை ஒரு நெல்மணி அளவு அழுத்துகிறீர்கள். அந்த நெல்மணிக்கு எஞ்சின் உடனே பதில் சொல்லவேண்டும். அரை நொடி யோசித்துவிட்டு ஒரேயடியாகப் பாய்ந்தால் மரத்தடிப் பள்ளத்துக்குள் இருப்பீர்கள். வெளிக்கடை டர்போக்களின் பெரிய வியாதி இதுதான். தொழிற்சாலை டர்போவின் பெருமை, என்னைக் கேட்டால், இந்தத் தாமதத்தை ஏறக்குறைய இல்லாமல் செய்ததில் இருக்கிறது. இரண்டு கொம்பனியும் செய்திருக்கிறார்கள். பொலாரிஸ் கூடத் துடிப்பு. ஸ்கீ-டூ பலத்தைத் தருவது நீர் நிரம்புவதுபோல, எங்கே தொடங்கியது என்றே தெரியாது. நல்ல கைக்குத் துடிப்பு வேண்டும். மூன்றாம் வருட ஓட்டுநருக்கு நிரம்புகிற பலம்தான் வேண்டும்.

அடுத்தது உடம்பு. வண்டியைத் தள்ளுகிற அடிப்பட்டிதான் ட்ராக். பொலாரிஸின் ட்ராக் பதினைந்து அங்குல அகலம், சம்மிட்டுக்கு பதினாறு. ஓர் அங்குலம்தானே என்று நினைக்கக்கூடாது. சரிக்கும்போது அந்த அங்குலம் முழங்காலில் தெரியும். பொலாரிஸின் கேயோஸ் மாடல் சொல்லி முடிக்க முன்னர் முன்பக்கத்தைத் தூக்கும். பத்து வருடம் ஓடியவன் அதில் நடனம் ஆடுவான். சம்மிட்டின் பின்சஸ்பென்ஷன் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அதனால் அகலமான ட்ராக் இருந்தும் சரிப்பது கடினமில்லை. விட்டால் தானாக நேராகும். களைத்துப்போன பின்னேரத்தில் அந்தக் குணம் பெரிய உதவி.

எரிபொருளில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்கீ-டூவின் ரோட்டக்ஸ் எஞ்சின் பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கிறது, அதனால் எரியாமல் வெளியே போவது குறைவு. பெற்றோல் நிலையம் இல்லாத மலையில் அது சும்மா விடயம் இல்லை. இரண்டுக்கும் 91 ஒக்டேன் வேண்டும். அங்கத்தைய 91ம் நம் ஊர் 95ம் கிட்டத்தட்ட ஒரே பெற்றோல்தான், எண் போடுகிற முறை வேறு. இங்கிருந்து போனவர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள்.

யமஹா பிரியர்களுக்கு ஒரு வார்த்தை, நானும் அவர்களில் ஒருவன். குருநகர்க் கரையில் வள்ளத்து எஞ்சினில் கைவைத்துத் தொழில் பழகியவனுக்கு யமஹா என்றால் ஒரு பாசம். ஆனால் 2025 மாடலோடு ஸ்னோமொபைலை விட்டுவிடுவதாக அவர்கள் 2023இலேயே அறிவித்துவிட்டார்கள். ஆர்க்டிக் கேட்டும் 2025இல் கைமாறியிருக்கிறது. இன்று புதிதாக எடுப்பவன் உதிரிப்பாகத்தையும் யோசிக்கவேண்டும்.

ஒன்ராறியோவில் இருக்கிற தம்பிமாருக்கு: உங்களுக்கு மலையும் இல்லை, மலை வண்டியும் தேவையில்லை. நீளமான ட்ராக்கும் ஆழமான பல்லும் இறுகின பாதையில் உங்களைச் சிரமப்படுத்தும். அந்தக் காசுக்கு நல்ல ட்ரெயில் வண்டி எடுங்கள்.

மருமகனுக்கு என் பதில் சம்மிட் டர்போ. பழைய 165 குதிரைவலு வண்டி ஒன்று நல்ல பராமரிப்போடு கிடைத்தால் 180ஐ விட்டு அதையே எடுக்கச் சொல்வேன். மேலதிகப் பதினைந்தை அவன் இன்னும் இரண்டு வருடத்துக்குத் தொடப்போவதில்லை.

இதைச் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் வைத்தேன், அதில்தான் போனில் கொஞ்சம் சூடாகிவிட்டோம். பனிச்சரிவு வகுப்பு முடிக்காமல் ஸ்லெட் எடுக்கக்கூடாது.

றெவல்ஸ்டோக்கின் போல்டர் மலையில் சனம் டர்போ என்ற பெயரால் அழைக்கிற ஒரு சரிவு இருக்கிறது. 2010 மார்ச் 13ஆம் திகதி அங்கே ஸ்லெட்காரர் பெருங்கூட்டமாகக் கூடியிருந்தார்கள். யார் ஆக உயரத்துக்கு ஏறுவது என்ற விளையாட்டு. மலை சரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், முப்பது பேரளவில் காயம். பனி ஆகக் கூடுதலாகச் சரிவது 30 பாகையிலிருந்து 45 பாகைவரை சரிந்த இடங்களில். பலமில்லாத வண்டி அங்கே போக முதலே களைத்து நின்றுவிடும். டர்போ நிற்காது. பெருவிரலை அழுத்தினால் கொண்டுபோய் நடுச்சரிவில் விட்டுவிடும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

சரிவில் புதைந்து மூன்றாம் நாள் தோண்டியெடுத்த வண்டி ஒன்று ஒருமுறை எங்களிடம் வந்தது. காற்றுப்பெட்டிக்குள் பனி சீமெந்துபோல இறுகியிருந்தது. ஸ்க்ரூட்ரைவரால் கொத்திக் கொத்தி எடுத்தேன். கைப்பிடி, பிழிந்த துணிபோல முறுகியிருந்தது. ஓட்டினவரைக் கூட்டாளிகள் எட்டு நிமிடத்தில் கிளறி எடுத்துவிட்டார்கள். எல்லாரிடமும் பனியில் புதைந்தவரைத் தேடுகிற ட்ரான்சீவர் கருவி இருந்தது, நீட்டிக் குத்திப் பார்க்கிற கம்பி இருந்தது, சவள் இருந்தது, அதைப் பாவிக்கவும் தெரிந்திருந்தது. அந்த மனுசன் வேலைத்தலத்தில் என் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றார். வண்டியைத் தொடவேயில்லை.

"வகுப்புக்கு மாசிவரைக்கும் இடமில்லையாம் மாமா, ஸ்லெட்டை இப்பவே எடுத்தா என்ன?" என்று கேட்டான். "இடம் கிடைக்கும் மட்டும் வாகனக் கொட்டிலில் கிடக்கட்டும், சாவியைக் கொம்மாவிட்டக் குடு" என்றேன். அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "தம்பி சொல்லுறது சரி" என்ற சத்தம் எனக்கும் கேட்டது.

இன்று காலை செய்தி அனுப்பியிருந்தான். வேறொரு ஊரில் இரண்டு நாள் வகுப்பில் இடம் கிடைத்ததாம், ஒரு நாள் மலையிலேயே. கீழே ஒரு வரி: ட்ராக் 154 அங்குல நீளம் எடுக்கவா, 165 எடுக்கவா? மரங்களுக்குள் திரும்ப 154தான் இலகு, அதையே எடு என்று அனுப்பிவிட்டேன்.