கோர்ட் தீர்ப்பு நகலை 10 ரூபாய் ஆர்டிஐ-யில் வாங்கலாமா? தவறான தகவல்

"ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவில் 10 ரூபாய் கட்டினால் எந்த வழக்கின் நகலையும் கோர்ட் 30 நாளில் தந்தாக வேண்டும்" என்று கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. நீதிமன்ற விதிப்படி நகல் பெற வழி இருக்கும்போது ஆர்டிஐ-யில் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

வழக்கு நிலவரம் பார்க்கக் காசே வேண்டாம். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையோ (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்), வழக்கு எண்ணையும் ஆண்டையுமோ கொடுங்கள். வழக்கு எண்ணில் தேடினால் நீதிமன்றத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பண்ருட்டி வழக்கைக் கடலூர் வளாகத்தில் தேடினால் வராது. பாகூர்க்காரர்கள் மாநிலம் புதுச்சேரி என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தத் தளத்தில் பதிவிறக்கும் தீர்ப்புப் பிரதி படித்துப் பார்க்க மட்டுமே. மேல்முறையீட்டுக்கு நீதிமன்றமே சான்றிட்டுத் தரும் நகல் வேண்டும்; வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள். வழக்கில் தரப்பினர் அல்லாதவர் காரணத்தைச் சொல்லி, பிரமாண வாக்குமூலத்துடன் அனுமதி கேட்க வேண்டும்.

தயவுசெய்து கவனியுங்கள்: சிவில் வழக்கில் மாவட்ட நீதிமன்ற மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். நகல் தயாராகும் நாட்கள் அந்த 30 நாள் கணக்கில் சேராது; ஆர்டிஐ பதிலுக்குக் காத்திருந்த நாட்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.