அஃபென்ஸ் என்றாலே குற்றம் இல்லை

'அஃபென்ஸ்' என்று ஆங்கிலத்தில் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு 'குற்றம்' என்று எழுதிவிடுகிறோம். கும்பகோணம், மயிலாடுதுறை கோர்ட்டு வாசல்களில் மனு எழுதுகிறவர்களும், அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறவர்களும் இந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லத்தீன் வேரில் இதற்கு மோதுவது, இடறுவது என்றுதான் பொருள். 'இடறல்களினிமித்தம் உலகத்துக்கு ஐயோ' என்று மத்தேயு 18:7-ல் வரும் இடறலுக்குப் பழைய ஆங்கில வேதாகமத்தில் நிற்பது இதே சொல்தான். சட்டத்தில் இடறினால் குற்றம். ஒருவர் மனசில் போய் இடறினால் அவமதிப்பு. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

எது எந்தப் பொருள் என்று காட்டிக்கொடுப்பது பக்கத்தில் நிற்கும் வினைச்சொல். 'கமிட்' வந்தால் குற்றம் செய்தல். 'கிவ்', 'காஸ்' வந்தால் மனதைப் புண்படுத்துதல். 'டேக்' வந்தால் மனத்தாங்கல் கொள்ளுதல். 'நோ அஃபென்ஸ்' என்பதற்கு நம்மிடம் அச்சாக ஒரு பேச்சு இருக்கிறது: 'தப்பா எடுத்துக்காதீங்க'. அதைக் 'குற்றமில்லை' என்று எழுதினால் ஜட்ஜ் தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகிவிடும். 'அஃபென்டர்' என்றால் தவறு செய்தவர். 'அஃபென்டட்' என்றால் மனம் நொந்தவர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பாதிக்கப்பட்டவரே எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஆகிவிடுவார்.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்குத் தண்டனைக்குரிய செயல், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது என்பதுதான் பொருள். நம் வயல்காட்டுக்கு நெருங்கிய ஒரு சேதி: பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) இந்தச் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், 1871-ம் வருஷத்து கால்நடை அத்துமீறல் சட்டத்தின் 20-வது பிரிவுப் புகாரும் சேர்த்தி. மாட்டைச் சட்டவிரோதமாகப் பட்டியில் அடைத்தால், பிடித்த நாளிலிருந்து 10 நாளுக்குள் புகார் கொடுக்கலாம்.

அவமானப்படுத்துவது எப்போது குற்றமாகிறது? இதில்தான் ஜனங்கள் அலைகிறார்கள். மனம் புண்பட்டது மட்டும் போதாது. பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 352-வது பிரிவில் (பழைய ஐ.பி.சி. 504) வேண்டுமென்றே அவமதித்து, அதனால் அவமதிக்கப்பட்டவர் பொது அமைதியைக் குலைக்கக்கூடும், அல்லது வேறு குற்றம் செய்யக்கூடும் என்ற எண்ணமோ அறிவோ இருக்க வேண்டும். 2 வருஷம் வரை சிறை. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் இதை விசாரிக்க முடியாது. 296(பி)-க்கு (பழைய 294-பி) பொது இடத்திலோ அதன் அருகிலோ ஆபாசச் சொல் வேண்டும். வெறும் வசவு போதாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு. பிறர் பார்வையில் படும் இடத்தில், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர், அவற்றைச் சேர்ந்தவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தாலோ சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினாலோ, 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை. 'அஃபென்ஸ்' என்ற சொல்லின் குற்றம், அவமதிப்பு என்ற இரண்டு பொருளும் ஒன்றாகக் கூடும் இடம் இது. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களை வரப்பில் நின்று பேசும் பேச்சு நம் டெல்டாவுக்குப் புதிதல்ல. இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மனுவில் எங்கே கோட்டை விடுகிறோம்? 'எதிரி என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி மனம் புண்படும்படி பேசினார்' என்ற வரி பழகிப்போன வரி. இதில் வார்த்தையும் இல்லை, இடமும் இல்லை, கேட்ட ஆளும் இல்லை. எந்தப் பிரிவிலும் இது நிற்காது. 'இன்ன தேதி, காலை 7 மணி, மதகடியில், முறைத் தண்ணி பாய்ச்சும்போது இன்னார் இந்த வார்த்தையைச் சொன்னார். பக்கத்து வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த இன்னார் கேட்டார்' என்று எழுதுங்கள். சொன்ன சொல்லை எழுதக் கூச்சப்பட வேண்டாம், அது எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அப்படியே வரட்டும். சாதியைச் சொல்லியிருந்தால் என்ன சொன்னார் என்று சொல்லுக்குச் சொல் வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிந்தால் அதன் நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும். பதியவில்லை என்றால் மனுவைப் பெற்றதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.