அப்பத்தாவின் கண்ணும் அய்யாவின் காலும்

ரெண்டு நாளாக ஊர் வாட்ஸ்அப் குழுவில் மதுரை தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி பேச்சுதான். எத்தனை மாடி, எத்தனை படுக்கை, எப்போது திறப்பார்கள் என்று பயல்கள் விடிய விடியப் பேசுகிறார்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய ஆஸ்பத்திரி. முதல் செட் பிள்ளைகள் 2022-ல் ராமநாதபுரத்தில் போய் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். அது சீக்கிரம் முழுசாக வர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரு ஆஸ்பத்திரி வளர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது என்பதில் எனக்கு நீண்ட நாளாக ஒரு ஆதங்கம் உண்டு. எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். 1985-ல் எனக்கு எட்டு வயது. அப்பத்தாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை விழுந்து, சுவரைத் தடவித்தான் வாசலுக்கு வருவாள். பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். இலவசம் என்று ஊரெல்லாம் சொல்லியும் அப்பத்தா அசையவில்லை. "கண்ணு போனா போகுது, கத்தி வச்சு உசுரு போயிட்டா?" என்றாள். வீட்டிலும் யாரும் வற்புறுத்தவில்லை. பருத்தி வெடித்துக் கிடந்த நேரம். ஒரு ஆள் துணைக்குப் போனால் ஒரு வாரக் கூலி போச்சு.

முகாம் நடத்த வந்தவர்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அய்யாவிடம், அதாவது என் அப்பாவிடம், சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க யாரும் வர வேண்டாம்ணே. பஸ்சுல நாங்களே கூட்டிட்டுப் போறோம், சோறு போடுறோம், ஆபரேசன் முடிச்சு இதே இடத்துல கொண்டாந்து விடுறோம்." 'யாரும் வர வேண்டாம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் அய்யா எழுந்தார். இலவசம் என்ற சொல்லில் எழவில்லை.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் அய்யா என்னையும் கூட்டிக்கொண்டு மதுரை அண்ணாநகரில் இருக்கும் அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரிய கூடம். பந்திக்குப் போட்ட மாதிரி வரிசையாகப் பாய்கள். பாய்க்கு ஒரு கிழவி, எல்லாருக்கும் கண்ணில் கட்டு. எது எங்கள் அப்பத்தா என்று தெரியவில்லை. பாம்படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஊருக்கு வந்தவள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "ஏத்தா, சுவத்துல இம்புட்டுக் கரியா? இந்த வீட்டுலயா நான் இத்தன வருசம் சோறு தின்னேன்?" என்று ஒரு பிடி பிடித்தாள். அன்று சாயங்காலமே அம்மா சுண்ணாம்பு கரைத்தாள்.

அப்போது அந்த ஆஸ்பத்திரிக்கு வயது ஒன்பது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, 1976-ல் தன் 58-வது வயதில் அரசு வேலையில் ஓய்வு பெற்ற கையோடு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவியைப் பிடிக்கப் பழகி லட்சம் கண்களுக்கு மேல் அறுவை செய்தவர். தம்பி தங்கைகள், அவர்கள் கட்டிக்கொண்ட டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்தார்கள், நகை அடகுக்குப் போனது. இதெல்லாம் மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்வதுதான். பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அதற்கு முன் இருபது வருடம் அவர் மதுரை மருத்துவக் கல்லூரியிலும், நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியிலும் இருந்தவர். ஊர் ஊராகக் கண் முகாம் போடும் பழக்கம் அரசு வேலையில் இருந்தபோதே அவருக்கு வந்துவிட்டது. அரவிந்துக்கு நாற்றங்கால் பெரியாஸ்பத்திரி என்று தைரியமாகச் சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரியால் இதெல்லாம் ஆகாது என்று கை கழுவுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்பத்தாவின் கதை அதோடு முடியவில்லை. பழைய ஆபரேசனில் கண்ணுக்குள் இருக்கும் வில்லையை அப்படியே எடுத்துவிடுவார்கள். அந்த வில்லையின் வேலையை மூக்கின் மேல் இருக்கும் தடித்த கண்ணாடிதான் செய்ய வேண்டும். ஒருநாள் திண்ணையில் கழற்றி வைத்ததை ஆட்டுக்குட்டி மிதித்துவிட்டது. மாற்றுக் கண்ணாடி வாங்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அப்பத்தா மறுபடி சுவரைத் தடவினாள். ஆபரேசன் ஆகியும் குருடு. எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படிக் கிடந்திருப்பார்கள்.

கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறை அப்போதே வந்திருந்தது. ஆனால் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலருக்கு மேல். பாயில் படுத்திருந்த கிழவிக்கு யார் வைப்பார்கள்? 1992-ல் மதுரையிலேயே அரோலேப் என்று தொடங்கி அந்த லென்ஸைத் தாங்களே செய்தார்கள். ஆரம்பத்திலேயே பத்து டாலர் அளவுக்கு விலை இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. 2006-ல் அம்மாவுக்கு ஆபரேசன் ஆனபோது உள்ளேயே லென்ஸ் வைத்துவிட்டார்கள். மறுவாரம் களை எடுக்கப் போகிறேன் என்று நின்றவளை அதட்டி உட்கார வைத்தோம். என்னைக் கேட்டால், அந்த ஆஸ்பத்திரி வளர்ந்தது தேனியிலும் திருநெல்வேலியிலும் கோவையிலும் கிளை திறந்த அன்று இல்லை. ஆட்டுக்குட்டி மிதித்தாலும் பார்வை போகாது என்று ஆன அன்றுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்களே கணக்கெடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, முகாம் போடும் ஊர்களில் கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கே வருகிறார்கள் என்று. நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான். கூட்டம் வழிகிறது, பேர் உலகமெல்லாம் பரவிவிட்டது. 'வராத 93 பேர் யார்' என்று கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கேட்டார்கள். 2004 முதல் சின்னச் சின்ன ஊர்களில் பார்வை மையம் திறந்தார்கள். இப்போது நூறைத் தாண்டிவிட்டது.

அம்மாவுக்கு இப்போது கண் நீர் அழுத்தம். வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து, சில மாதத்துக்கு ஒருதரம் பரிசோதனை. பக்கத்து பஜாரில் இருக்கும் மையத்துக்குப் போகிறாள். ரெண்டு அறை. சுற்றுவட்டாரப் பிள்ளை ஒருத்தி, பிளஸ் டூ முடித்து ரெண்டு வருடம் பயிற்சி எடுத்தவள், தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லிக் கண்ணைப் பார்க்கிறாள், அழுத்தம் அளக்கிறாள், படம் எடுத்து அனுப்புகிறாள். அரவிந்தின் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து டாக்டர் திரையில் வருகிறார். "என்னம்மா, சொட்டு மருந்த ராத்திரி விடாம ஊத்துறீங்களா?" என்று கேட்டார் போன தடவை. அம்மா திரையைப் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டு நாளு மறந்துட்டேன் சார்" என்று உண்மையைச் சொன்னாள். பத்தரைக்குப் போனவள் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருந்தாள்.

இப்போது அய்யா. அவருக்குச் சர்க்கரை. 2014-ல் வலது கால் பெருவிரலில் ஒரு புண். வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டாக்டர்களையும் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே பார்த்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். ரெண்டு பஸ் மாற வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். காலையில் போனால் இருட்டித்தான் வீடு. முதல் ரெண்டு வாரம் போனோம். பிறகு வாரத்துக்கு ஒருநாள் ஆனது. பிறகு அய்யாவே, "எனக்குச் சரியாப் போச்சு, நீ வேலையப் பாரு" என்றார். சரியாகவில்லை. எங்கள் கூலி போகிறதே என்று சொன்ன பொய் அது. முதலில் விரல் போனது, பிறகு கணுக்காலுக்குக் கீழே போனது. 2018-ல் அவரும் போய்விட்டார்.

அவர் கால் போன அதே வருடம் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு மாடி எழும்பியது. பளபளவென்று கிரானைட், திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். அன்று அய்யாவைத் தள்ளுவண்டியில் அந்த வாழைமரத்தைத் தாண்டித்தான் உள்ளே கொண்டுபோனேன். அந்தப் படம் என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அப்பத்தா ஆபரேசனுக்கு ஒரே தடவை போனாள், அதற்கு பஸ் அனுப்பினார்கள். அய்யா முப்பது தடவை போக வேண்டியிருந்தது. அதற்கு ஊருக்குள் ஒரு நர்ஸ், ஒரு கட்டுத்துணி, ஒரு அறை போதும். படம் எடுத்து டாக்டருக்கு அனுப்ப ஒரு போன். இதைத்தானே கண்ணுக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள் நம் மதுரையில்? காலுக்கு ஏன் முடியாது?

அரசும் இந்த வழியில் வரத் தெரிந்ததுதான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எங்கள் தெருவிலேயே வந்து கொடுக்கிறார்கள், நான் கண்ணால் பார்க்கிறேன். அதை ஆரம்பித்தவர்களுக்கு மனதார நன்றி. அடுத்த படி, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதை ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் வாரம் மூன்று நாள் உறுதியாகச் செய்ய வேண்டும். புண்ணின் படம் மேலே போக வேண்டும், மோசமானால் மட்டும் வண்டி வைத்து ஏற்றிப் போக வேண்டும். வருகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எழுதாமல், பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். எங்கள் கதவை யாராவது ஒரு தடவை தட்டியிருந்தால், அய்யா அந்தப் பொய்யைச் சொல்லித் தப்பித்திருக்க முடியாது.

வர்ற கிராமசபையில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். சுற்றுப்பட்டி ஊர்க்காரர்கள் யாராவது கையெழுத்துப் போட வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை. நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? ஷேர் ஆட்டோ வருது, நான் போயிட்டு வந்துருவேன். நீ வேலையப் பாரு" என்றாள்.