எம்.எஸ்.என். படித்தாலும் எஃப்.என்.பி. ஆகலாம்

“2025-க்குப் பிறகு அமெரிக்காவில் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் (எஃப்.என்.பி., நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) ஆக டி.என்.பி. (நர்சிங் முனைவர் பட்டம்) கட்டாயம், எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலைப் பட்டம்) படித்தால் லைசென்ஸ் கிடைக்காது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. இதை நம்பி யாரும் கூடுதல் கடனில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004-லேயே, 2015-க்குள் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு முனைவர் நிலைக்கு மாற வேண்டும் என்றது. 2018-ல் நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களின் அமைப்பு 2025-ஐ இலக்காக வைத்தது. இரண்டும் பரிந்துரைகள், சட்டம் இல்லை. சில கல்லூரிகள் டி.என்.பி.க்கு மாறியது உண்மைதான். ஆனால் சான்றிதழ்த் தேர்வு நடத்தும் ஏ.என்.சி.சி., ஏ.ஏ.என்.பி.சி.பி. இரண்டும் எம்.எஸ்.என். முடித்தவர்களை ஏற்கின்றன. மயக்க மருந்து நர்ஸ் படிப்பில் மட்டும் 2022 முதல் சேர்பவர்கள் முனைவர் நிலையில்தான் படிக்க வேண்டும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

அதற்காக எந்த எம்.எஸ்.என்.-ஐயும் எடுத்துவிடாதீர்கள். நிர்வாகம், கற்பித்தல் பிரிவில் படித்தால் எஃப்.என்.பி. தேர்வு எழுத முடியாது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, நர்சிங் படிப்புக்கே சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். போன்ற நர்சிங் அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள். ஆன்லைன் என்றால் உங்கள் மாநில மாணவர்களைச் சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம் முக்கியமான கேள்வி: கிளினிக்கல் பயிற்சிக்கு வழிகாட்டியைக் கல்லூரி தேடித் தருமா, நீங்களே தேட வேண்டுமா? பல ஆன்லைன் படிப்புகளில் அந்தப் பொறுப்பு மாணவர் தலையில்தான். வழிகாட்டி கிடைக்காவிட்டால் படிப்பு முடியும் நாளே தள்ளிப்போகும். பணம் கட்டும் முன் இதற்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.