பூசணிப் பூவும் மருந்தடிக்கும் நேரமும்

வன்னியில் தோட்டம் செய்கிற நம்மில் பலர் அடிப்படையில் நெற்காரர்கள். நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். அதற்கு வண்டும் வேண்டாம், தேனீயும் வேண்டாம். தண்ணீர், பசளை, மருந்து மூன்றும் சரியாக இருந்தால் விளைச்சல் வந்துவிடும் என்பது வயலில் பழகிய கணக்கு. அதே கணக்கோடு மேட்டுக்காணியில் பூசணியும் கத்தரியும் வைக்கிறோம் என்பதே என் முறைப்பாடு. உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களை எடுத்துப் பார்த்த 2007 ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவற்றில் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவில் தேனீ, வண்டு, பறவை, வௌவால் போன்றவற்றை நம்பியிருப்பதாகக் கண்டது. நெல் அந்த 87 இல் இல்லை.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். விசுவமடுவில் பூசணி நட்ட முதல் வருடம் கொடி நன்றாகப் படர்ந்து பூவும் நிறைந்திருந்தது. இலை தின்னும் வண்டுக்காகக் காலை ஏழு மணிக்கே மருந்துத் தாங்கியை முதுகில் ஏற்றினேன். மருந்து விற்றவர் எத்தனை மூடி கலப்பது என்று சொன்னாரே தவிர, எந்த நேரத்தில் அடிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் பிஞ்சுகள் மஞ்சளித்துச் சுருங்கி, தொட்டாலே கழன்று விழுந்தன. நோய் என்று நினைத்து இன்னொரு மருந்தும் அடித்தேன் (அந்தக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது). பக்கத்து வளவுப் பெரியம்மா வந்து பார்த்து, "தம்பி, இஞ்ச ஒரு தேனீயையும் காணேல்லையே, பிறகு எப்பிடிப் பிஞ்சு பிடிக்கும்?" என்று கேட்டார். மறுநாள் விடிய அவரே வந்து, ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்தெறிந்துவிட்டு, எஞ்சிய மஞ்சள் தண்டை, அடியில் குண்டுப் பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிக் காட்டினார். பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்கு முன்னரே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் இடையில் யாராவது போய்வர வேண்டும். நான் நஞ்சு தெளித்தது அந்த நேரத்தில்தான்.

கத்தரியின் கதை வேறு. அதன் மகரந்தம் சிறு குழாய்களுக்குள் இருக்கிறது. நுனியில் மட்டும் நுண்ணிய துளை. காற்று ஆட்டினாலும் ஓரளவு காய்க்கும் என்றாலும், அதை முறையாக உதிர்க்கத் தெரிந்தது கருவண்டு. பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை அடிக்காமல் உடலை மட்டும் அதிரச் செய்யும்போது அதன் இரைச்சல் சட்டென்று மாறுவதைப் பாத்தியில் நின்றாலே கேட்கலாம். மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். நம் பொந்துத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆனால் காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் இந்தக் கருவண்டைக் கண்டால் நாங்கள் துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். கதியால் வேலி நின்ற இடத்தில் கொங்கிரீட் தூண் நடுகிறோம்.

மாலையில் மருந்தடித்தால் போதும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். பூசணிக்கு அது சரி. புடோலோ இரவில் விரிகிறது. நூல் நூலாகப் பிரிந்த அந்த வெள்ளைப் பூவைத் தேடி இருட்டில் நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சி வரும். ஆகவே புடோல் பந்தலுக்கு மாலை மருந்து கூடாத மருந்து. எந்தப் பயிர் எப்போது பூக்கிறது என்பதைக் கேட்காமல் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரத்தைச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இலுப்பைக்கடவை என்று ஊருக்கே பெயர் தந்த இலுப்பைக்கும் இரவில் வௌவால்தான் துணை. அதையும் பழம் தின்னும் சனியன் என்று கல்லால் எறிகிறோம்.

என் வேலியோரம் கிடக்கும் இரண்டு காய்ந்த முள்முருக்கங்குற்றிகளை விறகுக்குத் தரும்படி மச்சான் மூன்று தடவை கேட்டுவிட்டார். அவற்றில் ஏழு துளைகள் இருக்கின்றன. கத்தரி ஆய்ந்து முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.